ஆறு ஆட்டங்கள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அறிக்கை வேண்டும்.
எதிரணிகள் ஏழு, நாங்கள் ஒன்று, ஆளுக்கொரு பக்கம்.
இடப்பக்கம் பலம், வலப்பக்கம் பலவீனம்.
சீசன் தொடங்கி இரண்டே வாரம்.
ஓர் அணிக்கு ஆறு ஆட்டம் ஆகியிருக்கிறது.
ஆறை வைத்து என்னத்தைச் சொல்ல?
ஏற்காட்டில் ஆறு நாள் மழை இல்லையென்று
குடையை விற்றவள் கதையாகிவிடும்.

எழுதுகிறேன். சம்பளம் அதற்குத்தான்.
அஸ்தம்பட்டியில் பல் மருத்துவமனைக்கு மேல்மாடி,
ஐந்து நாற்காலி, ஐந்து திரை,
ஒரே ஏசி, அதுவும் பயிற்சியாளர் தவசீலன் பக்கம் பார்த்து.
கீழே பல் துளைக்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான்
ரீப்ளேயில் வீரர்கள் கத்துவது எனக்குக் கேட்கும்.
மேசையில் ஒரு தட்டுவடை செட்,
பீட்ரூட் சாயம் கீபோர்டில்.

கோவை கொம்பன்ஸ்.
முதல் பத்து நிமிடம் பேய்க்காற்று.
அப்புறம் பந்தி முடிந்த கல்யாண மண்டபம்,
ஆளாளுக்கு ஒரு பக்கம் செருப்புத் தேடுகிறார்கள்.
வென்ற மூன்றும் இருபது நிமிடத்துக்குள்,
தோற்ற மூன்றும் நாற்பதைத் தாண்டி.
குணமா, தற்செயலா?
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

வைகை ஒன்பது.
புதுப்பையன் நிதிலன், பதினேழு வயது,
குறி வைத்தால் தப்பாது.
மற்ற நால்வரும் அவன் கையையே பார்க்கிறார்கள்.
ஒரே மதகுள்ள ஏரி.
அவனுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் என்று எழுதி,
அசிங்கமாக இருந்தது, அழித்தேன்.

மெரினா செவன்.
ஆறுக்கு ஆறு.
கஷ்டம் இதுதான்.
ஜெயிக்கிறவரைக்கும்
குறையும் சாமர்த்தியம் மாதிரியே நடந்துகொள்கிறது.
நடுவில் காவலே இல்லாமல் திறந்து போட்டிருக்கிறார்கள்;
இதுவரை நுழைந்து பார்க்க
யாருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவே.
அட்டவணையைப் புரட்டினால்
ஆறில் நான்கு, கடைசி இரண்டு அணிகளோடு.
இதை மட்டும் தடித்த எழுத்தில்.

இரவு இரண்டு மணிக்கு
நெல்லை நெருப்பின் பக்கம் வந்தது.
எட்வின் இப்போது அங்கே.
போன வருடம் வரை
இந்த அறையில் ஜன்னலோர நாற்காலி அவனுடையது.

ஆறு ஆட்டத்தில் ஒன்பது முறை செத்திருக்கிறான்.
ஏழு முறை வலப்பக்கத்திலிருந்து வந்த ஆளிடம்.
சிறு வரைபடம் திரையின் வலது கீழ்மூலையில் இருக்கிறது;
சிவப்புப் புள்ளி நகர்வது அதில் தெரிகிறது,
எனக்கு.

நாகலூரில் வீடெடுத்துப் பயிற்சி நடந்த ஜூன் மாதம்.
மரம் விழுந்து கேபிள் அறுந்து
மூன்று நாள் நெட் இல்லை, சீட்டாடினோம்.
நாலாம் நாள் அப்பாவின் எஸ்டேட் ஜீப்பில்
எட்வின் என்னைக் கீழே கொண்டுவிட்டான்.
பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
பனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.
வேகத்தைக் குறைத்துச் சொன்னான்:
"ரேகா, அந்தப் பக்கம் வண்டி வருதான்னு நீ பாரு.
வலது கண்ணு ஓரத்துல கொஞ்ச நாளா எதுவும் தெரியல.
யார்கிட்டயும் சொல்லிடாத."
பார்த்தேன். லாரி ஒன்று வந்தது. சொன்னேன்.

இப்போது எண்களே சொல்கின்றன என்று
நான் சொல்லிக்கொள்ளலாம்.
ஆனால் அந்தப் பத்தியை
எண்ணிப் பார்க்கத் தோன்றியது எதனால்?

போன் போட்டேன். தூங்கவில்லை அவனும்.
"டாக்டரைப் பாத்தியா?"
"உங்க மாடிக்குக் கீழ இருக்காரே, அவரையா?"
சிரித்தான். பிறகு இருவரும் சற்று நேரம்
எதுவும் பேசவில்லை.
மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்
மலைப்பாதை விளக்குகள் பாதிவரை ஏறி
பனிக்குள் நின்றுவிட்டிருந்தன.

வலப்பக்கத்தில் எழுதினேன்:
மாதிரி போதாது. பத்தாவது ஆட்டத்துக்குப் பின் மீண்டும் பார்க்கலாம்.

காலையில் தவசீலன் ஒவ்வொரு பக்கமாக வாசித்தார்.
கொம்பன்ஸுக்குத் தலையாட்டினார்.
மெரினாவுக்கு "அப்படியா" என்றார்.
நெல்லையில் நின்றார்.
"எட்வினுக்கு ஒரே வரியா?"
"ஆறு ஆட்டம்தானே சார்."
"நம்மகிட்ட நூத்திப் பத்து ஆடினானே?"

கீழே
முதல் நோயாளிக்குத் துளைக்கத் தொடங்கியிருந்தார்கள்.